இரண்டு ரயர் காணும்

நாலு ரயரும் மாற்ற வேண்டிய காருக்கு இரண்டை மட்டும் வாங்கிப் போட்டேன். பிறகு அதை மறைக்கப் பொய்யும் சொன்னேன். தெரியாத்தனமாகச் செய்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். எல்லாம் தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

ஸ்காபரோவில் எங்கள் ஆட்களுக்குள் எனக்கு ‘ரயர்க்காரர்’ என்றொரு பெயர் உண்டு. கடை எதுவும் வைத்திருக்கவில்லை, ஓயாமல் கதைத்ததால் வந்த பெயர். யாராவது ரயர் மாற்றப் போனால் முதலில் எனக்குத்தான் தொலைபேசி எடுப்பார்கள். ரயரின் பக்கச் சுவரில் இருப்பதை வாசிக்கச் சொல்லி விளக்கம் கொடுப்பேன். 235/45 ஆர் 17 என்றால் அகலம் 235 மில்லிமீற்றர், சுவரின் உயரம் அதில் 45 வீதம், றிம் 17 அங்குலம். அடுத்து வரும் 94, ஒரு ரயர் 670 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. டபிள்யூ என்ற எழுத்து இருந்தால் மணிக்கு 270 கிலோமீற்றர் வரை தாக்குப்பிடிக்கும். மலிவு விற்பனை என்று கேள்விப்பட்டால் டி.ஓ.ரி எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். 2315 என்று முடிந்தால் அது 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த ரயர். கடைக்காரர் களஞ்சியத்தில் கிடந்த பழசைத் தள்ளிவிடப் பார்க்கிறாரா என்று அதில் பிடித்துவிடலாம்.

இதையெல்லாம் சொல்லும்போது எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

யாராவது ஓல் வீல் டிரைவ் கார் வைத்துக்கொண்டு, “ரெண்டு ரயர் மாத்தினால் காணாதோ?” என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். “நாலும் ஒண்டாய்த்தான் மாத்த வேணும். காசு இல்லாட்டி பஸ்ஸிலை போங்கோ” என்று ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

என்னுடைய கார் 2015 சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். இரண்டு லீற்றர் ரேர்போ எஞ்சின், 268 குதிரைவலு, ஆறு கியர், கையால் மாற்றுவது. கொலின் மக்ரே 1995இல் உலக றலி சம்பியன் ஆனபோது ஓட்டிய கடும் நீல இம்பிறேசாவின் வழிவந்தது என்பதற்காகவே வாங்கினேன். அந்தக் காருக்குத் தங்க நிற றிம். என் காருக்குச் சாம்பல் நிறம். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நாற்பது கடந்த மனிதனுக்கு உறுத்த எத்தனையோ விஷயம் இருக்கும்போது எனக்கு றிம்மின் நிறம் உறுத்தியது.

கடைசியில் தங்க நிற றிம் நாலு வாங்கினேன். விலை இங்கே வேண்டாம். வீட்டில் இன்னும் சரியான தொகை தெரியாது.

அந்த வசந்தகாலத்தில் பனி உருகி, ரொறன்ரோ வீதிகளெல்லாம் வழமைபோலக் குழி விழுந்திருந்தன. ஒரு குழியில் வலப்பக்கப் பின்சில்லு இறங்கியது. றிம் தப்பியது, ரயரின் பக்கச் சுவர் கிழிந்தது. பக்கச் சுவர் கிழிந்தால் ஒட்டுப்போட முடியாது, புதிது வேண்டும். மற்ற மூன்று ரயரும் பாதி தேய்ந்திருந்தன. புதிதாக இருந்தபோது ரயர்ப் பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர். அளவுகோலை வைத்துப் பார்த்தேன், 4 காட்டியது. கோலை மெல்லமாக அழுத்தி இன்னொரு முறை பார்த்தேன், நாலரை காட்டியது. ஐந்து என்று எனக்குள் எழுதிக்கொண்டேன்.

இந்த மில்லிமீற்றர்களுக்கு ஏன் இவ்வளவு பெறுமதி என்பதைச் சொல்ல வேண்டும். இந்தக் காரில் எஞ்சினின் வலு முன்சில்லு இரண்டுக்கும் பின்சில்லு இரண்டுக்கும் எந்த நேரமும் போகிறது. கியர்பெட்டியின் பின்பகுதியில் நடு டிஃபரன்சியல் இருக்கிறது. அதோடு சேர்ந்தாற்போல் ஒரு மூடிய உருளை, அதற்குள் மெல்லிய தட்டுகள், தட்டுகளுக்கு இடையே சிலிக்கோன் எண்ணெய். ஒன்றுவிட்டு ஒரு தட்டு முன்பக்கத்தோடும் மற்றவை பின்பக்கத்தோடும் சுற்றும். பனியில் முன்சில்லு வழுக்கிச் சும்மா சுற்றினால் தட்டுகளின் வேகம் வேறுபடும், எண்ணெய் இழுபட்டு எதிர்ப்புக் காட்டும், வலு பிடிப்புள்ள பக்கத்துக்குப் போகும். எப்போதாவது வரும் சில விநாடி வழுக்கலுக்காகச் செய்த ஏற்பாடு இது.

தேய்ந்த ரயர் சிறியது. புது ரயர் பெரியது. பள்ளத்தில் ஒரு மில்லிமீற்றர் குறைந்தால் சுற்றளவில் 6.28 மில்லிமீற்றர் குறையும், பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு பை ஆர்தான். சுபாரு வைக்கும் எல்லை, நாலு சில்லின் சுற்றளவுகளுக்குள் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது. கால் அங்குலம் 6.35 மில்லிமீற்றர். ஆக, பள்ளத்தில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தோடு எல்லை முடிந்துவிடுகிறது. என்னிடம் இருந்தது நாலு. முன்னுக்குப் பழசும் பின்னுக்குப் புதுசும் போட்டால் முன்சில்லு ஒரு கிலோமீற்றருக்கு ஆறு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். மொன்றியலுக்கு ஒருமுறை போனால் மூவாயிரத்துக்கு மேல். காரோ நேர்வீதியில் வழுக்காமல் போய்க்கொண்டிருக்கும், உருளைக்குள் எண்ணெய் மட்டும் ஓய்வில்லாமல் இழுபட்டுச் சூடேறும்.

இந்தக் கணக்கை நான் ரயர் வாங்குவதற்கு முதலே போட்டுப் பார்த்திருந்தேன்.

செய்ய வேண்டியவை இரண்டில் ஒன்று. நாலும் புதிதாக வாங்கலாம். அல்லது அதே ரகத்தில் ஒன்று வாங்கி, மற்றவற்றின் மட்டத்துக்கு அதன் றப்பரைச் சீவி எடுக்கலாம். அமெரிக்காவில் ரயர் றாக் போன்ற பெரிய கடைகள் இதற்கென்றே இயந்திரம் வைத்துச் சீவிக் கொடுக்கின்றன. புது ரயரைக் காசு கொடுத்து வாங்கிப் பாதியைச் சீவி எறிவதா என்று என் யாழ்ப்பாணத்து மூளை துடித்துப்போனது. நாலு வாங்கவோ, காசு றிம்மில் போய்விட்டது. கடன் அட்டையில் வாங்கியிருக்கலாம், ஆனால் அட்டைக் கணக்கு வீட்டுக்கு வரும்போது றிம்மின் கதையும் சேர்ந்து வெளியே வந்திருக்கும்.

ஆகவே எனக்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது, தேடிப் பிடித்தேன். அவுடி குவாற்றோ கார்களுக்கு 3 மில்லிமீற்றர் வித்தியாசம் வரை பரவாயில்லை என்று இருக்கிறது. என் கார் அவுடி இல்லை. அதன் டிஃபரன்சியல் வேறு வகை. என் வித்தியாசம் மூன்றும் இல்லை, நாலு. ஆனால் கோலை மெல்லமாக அழுத்தி எடுத்த ஐந்தை எட்டிலிருந்து கழித்தால் மூன்று வருகிறது அல்லவா.

ரயர்க் கடைக்காரர் எங்கள் ஊர் ஆள், என்னிலும் வயதில் மூத்தவர். சில்லைப் பார்த்ததும் சொன்னார், “தம்பி, இது ஓல் வீல். நாலையும் மாத்தும்.”

“ரெண்டு காணும் அண்ணை.”

“நீர்தானே எல்லாருக்கும் நாலு நாலு எண்டு சொல்லுறனீர்?”

அப்போதும் நான் அடங்கவில்லை. சில்லுகளின் வித்தியாசத்தைத் தாங்கத்தான் டிஃபரன்சியல் என்று ஒன்றைக் காருக்குள் வைத்திருக்கிறார்கள், வளைவில் ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு வேகத்தில்தானே சுற்றுகிறது என்று அவருக்கே வகுப்பு எடுத்தேன். வளைவு சில விநாடியில் முடிந்துவிடும், 401 நெடுஞ்சாலை முடியாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் வாதாடவில்லை. வாடிக்கையாளர் ஆலோசனையை மறுத்தார் என்று பற்றுச்சீட்டில் எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். போதாததற்கு நான் வாங்கியது வேறு கொம்பனியின் ரயர், விலை குறைத்திருந்தார்கள். அளவு ஒன்றுதான், ஆனால் ஒரே அளவு எழுதிய ரயர்கள் கொம்பனிக்குக் கொம்பனி உண்மையான சுற்றளவில் மாறும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

வீட்டில், “ரயர் மாத்தியாச்சோ?” என்று மனைவி கேட்டார். “ஓம்” என்றேன். எத்தனை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மழைக்குள் அந்தக் காரை ஓட்டியவர் அவர்.

கோடை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. மொன்றியலுக்குப் போய் வந்தோம். நான் பயந்தது வீண் என்று நினைத்தேன், அவ்வளவும் பொறியியலாளர்களின் மிகைப் பாதுகாப்பு என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

கந்தசஷ்டி நேரம் ரிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போயிருந்தோம். கார் நிறுத்தும் இடத்தில் ஸ்ரியறிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது கார் இழுத்து இழுத்துத் துள்ளியது. அடியிலிருந்து ஒரு முனகல். எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. நடு உருளை இறுகி, முன்னும் பின்னும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்கின்றன. திரும்பும்போது முன்சில்லும் பின்சில்லும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும், விடமாட்டேன் என்கிறது.

பக்கத்தில் ஒரு தம்பி நின்றான். கார்ப் பைத்தியம். ஓடித் தேய்ந்த பழைய இம்பிறேசா ஒன்றை அப்போதுதான் வாங்கியிருந்தான், என்னில் அவனுக்கு மதிப்பு அதிகம்.

“என்னண்ணை, இப்பிடித் துள்ளுது?”

“சமர் ரயரடா. குளிருக்கு றப்பர் இறுகிப்போச்சு. முழுசா ஒடிச்சால் இப்பிடித்தான் துள்ளும், ஒண்டுக்கும் யோசிக்காதை.”

இந்தப் பொய்யில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் தருவது, அதில் பாதி உண்மையாக இருந்ததுதான். கோடைக்கென்று செய்த ரயரின் றப்பர் 7 பாகைக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். முழுதாக ஒடிக்கும்போது வீதியைப் பிடித்து உருளாமல் விட்டுவிட்டுத் துள்ளும், காருக்கு அதனால் கேடில்லை. அன்றைக்கு வெளியே நல்ல குளிர். தெரியாதவன் ஒருவன் சொல்லியிருந்தால் அந்தப் பையன் சந்தேகப்பட்டிருப்பான். ரயர்க்காரர் சொன்னபடியால் கேட்டுக்கொண்டான்.

மார்கழியில் குளிர்கால ரயர்களை மாட்டினேன். அவை நாலும் ஒரே ரகம், ஒரே தேய்மானம். குளிர்கால ரயர் போடுவது பக்கத்தில் கியூபெக்கில் சட்டம், ஒன்ராறியோவில் அவரவர் புத்தி. ஓல் வீல் டிரைவ் புறப்படத்தான் உதவும், நிற்க உதவாது, பிறேக் பிடிக்கும்போது எல்லாக் காருக்கும் நாலு சில்லுத்தான் என்று அந்த மாதமும் ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் ரயர் நாலும் ஒத்திருந்தும் துள்ளல் நிற்கவில்லை. உருளை போய்விட்டது. கியர்பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றி மாற்றினார்கள். இரண்டு ரயரில் மிச்சம் பிடித்த காசு அந்தக் கணக்கில் ஒரு மூலைக்கும் காணவில்லை. றிம்மின் கதையைத் தவிர மற்றதெல்லாம் மனைவிக்கு அன்று தெரிந்தது. அவர் பற்றுச்சீட்டை எடுத்து என் கையெழுத்தைத்தான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வசந்தத்துக்கு நாலு ரயர் வாங்கினேன். இந்த முறை கோடை ரயர் வேண்டாமென்று கொன்ரினென்ரல் டி.டபிள்யூ.எஸ். 06. ரயரின் மேற்பரப்பிலேயே அந்த மூன்று எழுத்தும் வெட்டியிருக்கும். தேயத் தேய முதலில் எஸ் அழியும், பனிக்கு இனி உதவாது என்று பொருள். பிறகு டபிள்யூ அழியும், ஈர வீதிக்கும் உதவாது. கோலை எப்படி அழுத்தினாலும் எழுத்து எழுத்துத்தான். என்னைப் போன்ற ஆளுக்குச் சரியான ரயர்.

அந்தத் தம்பி ஆனி மாதம் தொலைபேசி எடுத்தான். அவன் வாங்கிய காரில் முன்னுக்கு ஒரு ரகமும் பின்னுக்கு ஒரு ரகமும் ரயர் போட்டிருந்ததாம். பழைய சொந்தக்காரனின் வேலை. வாங்கிய கொஞ்ச நாளிலேயே திரும்பும்போது துள்ளத் தொடங்கியதாம்.

“நீங்கள் கோயிலடியிலை சொன்னனீங்களெல்லோ அண்ணை, குளிருக்கு அப்பிடித்தான் எண்டு. வெயில் வரட்டும் எண்டு விட்டிட்டன். இப்ப கழட்டிப் பாத்தால் நடு டிஃப் முடிஞ்சுதாம்.”

அவன் என்னைக் குற்றம் சொல்ல எடுக்கவில்லை. நாலு என்ன ரயர் போடலாம் என்று கேட்கத்தான் எடுத்தான். நான் கொன்ரினென்ரலைப் பற்றிப் பத்து நிமிடம் விளக்கினேன், எஸ், டபிள்யூ, எல்லாம். வைத்துவிட்டேன். இரவு நித்திரை வரவில்லை என்று எழுதினால் இன்னொரு பொய், நன்றாகத்தான் தூங்கினேன்.

கிழமை ஒன்று கழித்துத்தான் திரும்ப எடுத்து, அன்றைக்குக் கோயிலடியில் என் காருக்கும் அதே வருத்தம்தான், தெரிந்துகொண்டே உனக்கு வேறு சொன்னேன் என்றேன். அவன் கொஞ்சம் பேசாமல் இருந்தான். பிறகு, “பரவாயில்லை அண்ணை, ரயர் மாறிக் கிடந்ததை நானும் பாத்திருக்க வேணும்” என்றான். கணக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டேன். சொன்னான். மாணவன், பகுதிநேர வேலை. பாதியை நான் தருகிறேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. வாய்வரை வந்தது. “கவனமாய் ஓட்டு” என்று சொல்லி வைத்தேன்.

றிம் நாலையும் விற்றால் அவன் கணக்கில் பாதி தேறும். விலை விசாரித்துப் பார்த்தேன். இன்னும் விற்கவில்லை.