விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம் மாப்ளே?

தங்கச்சி வீட்டுக்காரர் பெருமாள்மலையில சொந்தமா கான்ட்ராக்ட் ஆரம்பிச்சிருக்கார். பதினஞ்சு வருஷம் இன்னொருத்தர்கிட்ட மேஸ்திரியா இருந்த மனுஷன். கூரை ஒழுகல், சுவர் ஓதம், பெயிண்ட், பைப் வேலை எல்லாம் அத்துப்படி. கையில முதல் ரெண்டு லட்சம். அதுல பாதி, தங்கச்சி நகையை அடகு வெச்சு வந்தது.

இந்த நேரம் பார்த்து விளம்பரக்காரர் ஒருத்தர் வந்து பேப்பரை நீட்டியிருக்கார். ப்ளெக்ஸ், லோக்கல் கேபிள், பிட் நோட்டீஸ், வெப்சைட் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய். "என்ன மச்சான், போடலாமா?"ன்னு எனக்கு போன். நான் கணக்கு எழுதுற ஆளு, அதனால என்கிட்ட கேக்குறார்.

பொதுவா எல்லாரும் சொல்றது, வரவுல இத்தனை சதவீதம் விளம்பரத்துக்குன்னு. வரவே இல்லாதவனுக்கு சதவீதம் எங்கேருந்து வரும்? அதனால வேற பக்கத்துலருந்து ஆரம்பிச்சேன். "மாப்ளே, ஒரு வேலை முடிஞ்சா கூலி, சாமான், வண்டி வாடகை எல்லாம் போக உங்க கையில என்ன நிக்கும்?" சராசரியா 25,000 ரூபாய் வேலைக்கு 5,000 நிக்கும்னார். அப்ப 40,000ங்கறது எட்டு வேலையோட லாபம். இருக்கிற நாலு ஆளை வெச்சு மாசம் மூணு வேலைதான் முடிக்க முடியும். அதாவது கிட்டத்தட்ட மூணு மாசம் விளம்பரக்காரருக்காகவே கூரை ஏறணும். நகைக்கு வட்டி தனி!

இன்னொண்ணும் இருக்கு. விளம்பரம் பலிச்சு ஒரே மாசத்துல இருபது பேர் கூப்பிட்டா? மூணு பேருக்குச் செய்யலாம், பதினேழு பேருக்கு "அடுத்த வாரம் வர்றேன் சார்". ஆரம்பத்துலயே பேரு கெட்டுடும். கையில இருக்கிற ஆளுக்கு மேல விளம்பரம் பண்றதும் நஷ்டம்தான்.

அடுத்து, யார் கண்ணுல படணும்? "தினம் நாலாயிரம் வண்டி மலை ஏறுது, அத்தனை பேரும் பார்ப்பாங்க"ன்னாராம் விளம்பரக்காரர். 2024 மே 7-லருந்து கொடைக்கானல் வர்றதுக்கு இ-பாஸ் முறை வந்துச்சு. 2025 சீசனுக்கு வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000 வண்டின்னு சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு வெச்சுது. நம்பரை அங்கேருந்து பிடிச்சிருப்பார் போல. சரி, கோக்கர்ஸ் வாக்கும் பில்லர் ராக்ஸும் பார்க்க வர்றவருக்கு இங்க ஒழுகுற கூரை ஏதுங்க?

ப்ளெக்ஸ் வைக்க முறைப்படி அனுமதி வேற வாங்கணும். 2019 செப்டம்பர்ல சென்னை பள்ளிக்கரணையில பேனர் விழுந்து ஒரு இளம்பெண் உயிர் போனது யாருக்கும் மறந்திருக்காது. சுவர்ல எழுதலாம்னா பொது இடங்களை அலங்கோலப்படுத்துறதைத் தடுக்க 1959-லயே சட்டம் போட்டாச்சு. மரத்துல ஆணி அடிக்கிறதைப் பத்தி பேசவே வேண்டாம்.

கோடை எஃப்.எம்.மைப் பத்தியும் மாப்பிள்ளை கேட்டார். ஆசை நியாயமானதுதான். 100.5-ல வர்ற அந்த வானொலி மலை உச்சியிலருந்து பேசுறதால மதுரை, திண்டுக்கல், திருச்சி பக்கமெல்லாம் கேக்கும். ஆனா நம்ம ஆள் பண்ணைக்காடு தாண்டி வேலைக்குப் போகப் போறதில்ல. பத்து மாவட்டத்துக்குக் கேக்கிற குரலுக்குக் காசு கொடுத்துட்டு பத்து கிலோமீட்டருக்குள்ள வேலை பார்க்கிறது கட்டுப்படியாகாது.

கொடைக்கானல் கூரையில ஒரு விசேஷம் உண்டு. பங்களா இங்க, ஓனர் சென்னையிலயோ மதுரையிலயோ கோயமுத்தூர்லயோ. ஒழுகறதைப் பார்க்கிறது வாட்ச்மேன், காசு கொடுக்கிறது ஓனர். ஏப்ரல், மே சீசனுக்கு வந்து தங்கும்போதுதான் ஓனர் சுவரை நிமிர்ந்து பார்ப்பார். பெரிய மழை அக்டோபர், நவம்பர்ல. ரெண்டுக்கும் நடுவுலதான் வேலை பேசி முடிக்கணும். வருஷம் முழுக்க சமமா செலவு பண்ணி என்ன புண்ணியம்? சீசனுக்கு முன்னாடி பாதி, மழைக்கு முன்னாடி மீதி.

வாட்ச்மேனுக்கு கமிஷன் கொடுத்துடலாம்ங்கறது மாப்பிள்ளை யோசனை. இதுல எங்களுக்குள்ள கொஞ்சம் சண்டையே வந்துச்சு. "ஊர்ல எல்லாரும் கொடுக்கிறாங்க மச்சான்"னார். கொடுக்கட்டும். ஓனருக்குத் தெரியாம கொடுக்கிற கமிஷன் கடைசியில பில்லுல ஏறும், இல்ல சிமெண்ட்ல குறையும். என்னைக்காவது ஓனர் காதுக்குப் போனா வாட்ச்மேன் வேலையும் போச்சு, நம்ம பேரும் போச்சு. அதுக்கு பதிலா அவர் வீட்டுத் தகரத்துல நாலு ஓட்டையை சும்மா அடைச்சுக் கொடுங்க, ஓனர்கிட்டயும் அதைச் சொல்லிடுங்கன்னேன். அரை மனசா ஒத்துக்கிட்டார்.

கடைசியில ஒரு வேலைக்கு 500 ரூபாய், அதாவது லாபத்துல பத்துல ஒரு பங்குன்னு முடிவாச்சு. ஆறு மாசத்துக்கு பன்னெண்டு வேலையாவது வரும்னு பயந்து பயந்து வெச்சா 6,000. விசிட்டிங் கார்டு 1,200. வேலை நடக்கிற வீட்டு கேட்ல ஓனரைக் கேட்டுட்டு மாட்ட ரெண்டு தகர போர்டு 1,800. தொழிலுக்குன்னு தனி சிம், ஆறு மாச ரீசார்ஜ் 1,800. மீதி 1,200 பெட்ரோலுக்கு.

பெட்ரோல் எதுக்குன்னா, முதல் பெரிய மழைக்கு மறுநாள் செஞ்சு முடிச்ச வீட்டுக்கெல்லாம் போகணும். காய்ஞ்ச சீலிங்கை போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பணும். முன்னூறு மைலுக்கு அப்பால உக்காந்து "வீடு என்னாச்சோ"ன்னு கவலைப்படுற மனுஷனுக்கு அந்த ஒரு போட்டோ போதும். பக்கத்து பங்களா ஓனருக்கு அவரே அனுப்புவார். எந்த கேபிள் டிவியும் செய்யாத வேலை அது.

சும்மா கிடைக்கிறதுக்குக் காசு கொடுக்காதீங்க. கூகிள் மேப்ல கடை பேரைச் சேர்க்கிறது இலவசம். 2020 ஜூலையில வந்த உத்யம் பதிவும் அரசு தளத்துல இலவசம். இதுக்கெல்லாம் ஆயிரம் ரெண்டாயிரம் கேட்டு போன் வரும், எடுக்காம இருங்க.

தொழில் ஆரம்பிக்கிற எல்லாருக்கும் சொல்றது இதுதான். வேலை நோட்டுல ஒரு கட்டம் கூடுதலா போடுங்க: "யார் சொல்லி வந்தீங்க?" கூப்பிடுற ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு எழுதுங்க. கார்டா, போர்டா, வாட்ச்மேனா, பழைய ஓனரா? ஆறு மாசம் கழிச்சு அந்தக் கட்டத்தைக் கூட்டிப் பாருங்க. அடுத்த விளம்பரக் காசு எங்க போகணும்னு அதுவே சொல்லிடும்.