பின்னால் வரும் வீடு

கட்டிலும் அடுப்பும் உள்ள 'டிரெய்லர்' வீட்டைப் பிக்கப் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அமெரிக்கக் குடும்பங்கள் உல்லாசப் பயணம் கிளம்புகின்றன. கொலராடோ மலையில், 11,000 அடிக்கு மேல் உள்ள ஐஸனோவர் சுரங்கப் பாதையைத் தாண்டியதும் எழும் கேள்வி, "லாரி இழுக்குமா?" என்பதல்ல, "நிற்குமா?" என்பதுதான்! மேற்குச் சரிவில், பிரேக் பிடிக்காத லாரிகள் ஓடி ஏறி நிற்பதற்கென்றே சரளைக்கல் பாதைகள் போட்டிருக்கிறார்கள்.

டிரெய்லர் 7,000 பவுண்டு என்றால், அதில் 700 பவுண்டாவது லாரியின் முதுகில் அமரவேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். அந்தப் பாரமும், அப்பா, அம்மா, குழந்தைகள், நாய்க்குட்டி எல்லாமும், லாரிக் கதவோரம் குறித்துள்ள சுமைக்குள் அடங்கவேண்டும். டிரெய்லருக்கும் தனி பிரேக் வேண்டும். கீழ் கியரில்தான் இறங்கவேண்டும். ஆனாலும் பாதி பிரேக், மூட்டை கட்டும் அம்மாளின் கையில்தான் இருக்கிறது!