சாய்ந்த எழுத்தும் நிமிர்ந்த எழுத்தும்

விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த கெடார் என்னும் ஊரில், ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மூதாட்டி ஒருவர் திருமண அழைப்பிதழைப் படித்துக்கொண்டிருந்தார். மணமக்களின் பெயர்கள் கொட்டை எழுத்தில் நிமிர்ந்து நின்றன. அவற்றை எளிதிற் படித்துவிட்டார். நாளும் நேரமும் மட்டும் மெல்லிய சாய்வெழுத்தில் இருந்தன. தாளைக் கண்ணருகே கொணர்ந்தார். எட்டப் பிடித்தும் பார்த்தார். முகூர்த்தம் 6 மணிக்கா, 8 மணிக்கா என்பது விளங்கவில்லை. "அழகாகத்தான் அடித்திருக்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லையே, கண்ணு" என்று பெயர்த்தியிடம் அதை நீட்டினார்.

அழகுக்கென அமைந்த எழுத்து, படிப்பவரைத் திகைக்கச் செய்வானேன்?

சாய்வெழுத்து அச்சேறிய இடம் இத்தாலி நாடு. உரோமானியர் கல்லில் வெட்டிய எழுத்துகள் தூண்போல் நிமிர்ந்து நிற்பவை. கோடுகளின் முனைகளில் சிறு பாதம் போன்ற குறுங்கோடுகளை உடையவை. பதினைந்தாம் நூற்றாண்டில் இறகுப் பேனாவால் விரைந்தெழுதிய அறிஞரின் கையெழுத்தோ, ஓடுகின்றவன் உடலைப் போல முன்புறம் சாய்ந்தது. வெனிசு நகரில் அச்சகம் நடத்திய ஆல்டசு மனூசியசு அக்கையெழுத்தை அச்சில் வார்க்க விழைந்தார். பிரான்செசுக்கோ கிரிப்போ என்னும் கைவினைஞர் அதனைச் செதுக்கித் தந்தார். 1501ஆம் ஆண்டில் வர்ச்சில் என்னும் பெருங்கவிஞரின் பாடல்கள் அவ்வெழுத்தில் கையடக்கமான நூலாக வெளிவந்தன. அந்நூலில் ஒரு புதுமை உண்டு. சிற்றெழுத்துகள் எல்லாம் சாய்ந்திருக்க, பேரெழுத்துகள் மட்டும் நிமிர்ந்தே நின்றன!

இவ்வெழுத்தே இட்டாலிக் எனப் பெயர் பெற்றது. இது நேரெழுத்தைப் பிடித்து ஒருபுறம் தள்ளியதால் உண்டானதன்று. ஆங்கிலத்தின் சிறிய 'ஏ' என்னும் எழுத்து, நேரெழுத்தில் மேலே ஒரு வளைவும் கீழே ஒரு வயிறுமாக நிற்கும். இட்டாலிக்கிலோ மேல்வளைவு நீங்கிவிடும். பேனா ஒரே ஓட்டத்தில் இழுத்த வடிவமே எஞ்சும். பாதம் போன்ற குறுங்கோடுகளும், பேனா தாளைத் தொடும்போதும் விடும்போதும் உண்டாகும் சிறு கொக்கிகளாக மாறும். சாய்வு அதன் தோற்றம். கையின் ஓட்டமே அதன் உயிர்.

தமிழ் எழுத்தின் வரலாறு வேறு. கெடார் அமைந்த அதே மாவட்டத்தில், செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றில், சந்திரநந்தி என்னும் சமண முனிவர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தி பாறையில் வெட்டப்பட்டுள்ளது. பழந்தமிழ் எழுத்தைக் காண விரும்புவோர் நேரிற் சென்று பார்க்கத்தக்க இடம் அது. ஆயினும், நம் எழுத்துக்கு வளைவைத் தந்தது கல்லைவிட ஓலையே எனலாம். இடக்கை ஓலையை ஏந்த, வலக்கை எழுத்தாணியைப் பிடிக்கும். ஓலையின் நரம்பு வழியே நீண்ட கோடு இழுத்தால் ஓலை கிழியும். ஆதலால் எழுத்து உருண்டது. குத்தினால் பழுதுபடும் என்று, எழுதுவோர் புள்ளியையும் பெரும்பாலும் விட்டுவிட்டனர். பேனா பாய்ந்தோடும் சாய்வுக்கு அங்கே இடமில்லை.

1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. அச்சுக்கலை வளர்ந்தபோது தமிழ் எழுத்துக்கு நேர்ந்த இடர் சாய்வு பற்றியதன்று, பருமன் பற்றியது. செருமனி நாட்டு ஆலே நகரில் வார்த்த எழுத்துகள் 1713ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவை. தாளோ கிடைத்தற்கரிய பொருள். சீகன்பால்குவின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பில் முற்பகுதி 1714இல் அவ்வெழுத்திலேயே அச்சாயிற்று. எஞ்சிய பகுதிக்காக இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர். எழுத்தைச் சிறிதாக்கினால் தாள் மிஞ்சும். மிகச் சிறிதாக்கினாலோ சுழிகள் அடைபட்டு மை அப்பிக்கொள்ளும். இவ்விரண்டுக்கும் நடுவே வழி கண்டவருள் ஒருவர், சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தின் ஹண்ட் என்பவர். அவர் அச்சிட்டு 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. அதன் பொடி எழுத்தைப் பார்த்தால், வளைவு வளைவாகத் தெளிந்து நிற்கும். சாயாமலே அழகு பெற்ற எழுத்து அது!

இன்று கணினியில் ஒரு விசையை அழுத்தினால் எந்த எழுத்தும் சாய்கிறது. தமிழுக்கென ஓடும் வடிவம் தனியே வரையப்படாதபோது, கணினி நேரெழுத்தை அப்படியே வலப்புறம் தள்ளிவிடுகிறது, அவ்வளவே. ரகரத்திற்கும் துணைக்காலுக்கும் உள்ள வேறுபாடு அடியிலுள்ள ஒரு சிறு சாய்கோடு அன்றோ? எல்லாமே சாய்ந்து மெலிந்து நிற்கும்போது அவ்வேறுபாடு மங்குகிறது. மேல்விலங்கு அடுத்த எழுத்தின் தலைமேற் கவிழ்கிறது. பழைய அச்சகத்தார், ஒரு சொல்லை எடுத்துக்காட்ட வேண்டுமாயின் அதனைக் கொட்டை எழுத்தில் கோத்தனர். படிப்பவர் கண்ணை அறிந்த செயல் அது. தமிழுக்குச் சாய்வெழுத்தே ஆகாது என்பதில்லை. விரைந்தெழுதும் தமிழ்க்கையைக் கூர்ந்து நோக்கி ஒருவர் வரைவாராயின், அது நம் எழுத்தாகவே அமையும்.

கெடார்த் திண்ணையில் பெயர்த்தி அழைப்பிதழை வாங்கிப் பார்த்தாள். "ஆறு மணிதான், ஆயா" என்று கூறி, தன் பேனாவால் அதன் ஓரத்தில் நாளையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தாள். அவள் கையெழுத்தும் சற்றே வலப்புறம் சாய்ந்துதான் இருந்தது. மூதாட்டி அதை எட்டப் பிடித்தே படித்துவிட்டார்.