உறங்கும் மாவு

அட்டைக் குழாயின் மேல்தாளை உரித்து, விளிம்பைக் கரண்டியால் அழுத்தியதும் 'டப்' என்று வெடித்தது. அருகில் நின்ற அம்மா இரண்டடி பின்வாங்கினாள். பிதுங்கி வந்த மாவு வட்டுகளைத் தட்டில் அடுக்கி ஓவனுக்குள் வைத்தேன். அமெரிக்கர் பிஸ்கட் என்றழைக்கும் மெத்தென்ற ரொட்டி அது.

"இப்படி வெடிக்கிற மாதிரியா மாவை அடைப்பாங்க?"

லூயிவில் நகரத்து ரொட்டிக்காரர் லைவ்லி வில்லபி 1931-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மாவில் சமையல் சோடாவும் மெதுவாக வினைபுரியும் அமில உப்பும் கலந்திருக்கும். அடைத்தபின் எழும் கரியமில வாயு மாவை உப்பச் செய்து, குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும். உப்பிய மாவே இடைவெளிகளை மூடிக்கொள்ளும். பிறகு அழுத்தமும் குளிரும் அதை வாரக்கணக்கில் காக்கும்.

அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"நம்ம இட்லி மாவு ஒரு ராத்திரியிலே பொங்கிடும், அப்புறம் புளிச்சிடும். இதைத் தூங்க வெச்சிருக்காங்க." கண்ணாடியணிந்து, குழாயின் முனையில் அச்சிட்டிருந்ததைப் படித்தாள். "ஆனாலும் தேதி போட்டிருக்கே."

ஊருக்கு வருவதை 'அடுத்த கோடைக்கு' என்று நான்காண்டுகளாகத் தள்ளிவந்தவன் நான். அதனால்தான் எழுபத்திரண்டு வயதில் அவளே தனியாக விமானமேறி வந்திருந்தாள். மாவைப் பற்றித்தான் சொன்னாள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அவள் திரும்பிப் போன மறுவாரம், குளிர்பதனப் பெட்டியில் எஞ்சியிருந்த குழாயை எடுத்துப் பார்த்தேன். இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன. அன்றிரவே பயணச்சீட்டு வாங்கினேன்.