ஓணத்துக்கு முந்தின காற்று

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். விடுதிகள் நிரம்பும், மங்குஸ்தானும் ரம்புட்டானும் தெருவோரத்தில் குவியும். ஏத்தன் வாழை போட்டவர்கள் மட்டும் மேற்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆரியங்காவு பக்கம் மலைத்தொடர் சற்றுத் தணிந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக நெருக்கியடித்துக்கொண்டு செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் இறங்குகிறது. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் ஆளையே தள்ளுவதும், ஆலங்குளம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுவதும் இந்தக் காற்றுதான்.

வெளியூர்க்காரர்கள் நார்நாராகக் கிழிந்த வாழை இலையைப் பார்த்து, "என்ன நோய் இது?" என்று கேட்பார்கள். நோய் இல்லை. அவ்வளவு பெரிய இலை கிழியாமல் நின்றால் பாய்மரம் போலக் காற்றை வாங்கி மொத்த வாழையையும் சாய்த்துவிடும். நடுநரம்பிலிருந்து விளிம்பு வரை கிழிந்து காற்றுக்கு வழிவிடுவதால்தான் அது நிற்கிறது. பந்திக்கு ஆகாது, இலைக்காக வாழை வளர்ப்பவருக்கு நஷ்டம்தான். காய்க்காக வளர்ப்பவர் இதற்கு அலட்டிக்கொள்வதில்லை.

குளிரும் இங்கே பெரிய தொல்லை இல்லை. சுமார் 16 டிகிரிக்குக் கீழே போனால் வாழை இலை விடுவதே ஏறக்குறைய நின்றுபோகும். நம் சாரல் அந்த அளவுக்குப் போவதில்லை. வெயில் இல்லாத நாட்களில் காய் மெதுவாகத் திரளும், ஈரத்தில் சிகடோகா இலைப்புள்ளி பரவும், அவ்வளவே. இங்கிலாந்தில் ஜப்பானிய வாழை ஒன்றைத் தோட்டத்தில் வைத்து, பனிக்காலத்தில் தண்டுக்கு வைக்கோல் சுற்றிக் காப்பாற்றுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது இலையின் அழகுதான். குலைக்கு ஆசைப்படாதவர்களுக்குக் கவலை பாதி.

நமக்குக் குலைதான் எல்லாம். வாழைத்தண்டில் மரமே கிடையாது. இலைக்காம்புகளின் அடிப்பகுதி ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்ட உருளை அது. வேரும் ஆழமாக இறங்காது. அதன் உச்சியில் பத்துப் பன்னிரண்டு கிலோ ஒரு பக்கமாகத் தொங்கும்போது காற்று வந்தால் என்ன ஆகும்? முட்டுக் கம்பு கொடுக்கிறோம், கயிற்றால் ஒன்றோடொன்று கட்டுகிறோம், மண் அணைக்கிறோம். அப்படியும் சில சரியும். ஒடிந்த தண்டைப் பிளந்து பார்த்தால் பல நேரம் உள்ளே கூன்வண்டுப் புழு குடைந்த சுரங்கம் இருக்கும். ஏத்தன் என்றால் அந்த வண்டுக்குத் தனிப் பிரியம். பழி மட்டும் காற்றுக்கு.

குலை தள்ளியதிலிருந்து வெட்டு வரை ஏறக்குறைய மூன்று மாதம். ஓணம் ஆவணியில். மலைக்கு அந்தப் பக்கம் உப்பேரி என்னும் ஏத்தங்காய் வறுவல் இல்லாமல் ஓணத்துக்கு இலை போடமாட்டார்கள். ஏத்தனுக்கு நல்ல விலை கிடைப்பதும் அப்போதுதான். அந்தச் சந்தைக்குக் காய் வேண்டுமென்றால் வைகாசியில் குலை தள்ளியிருக்க வேண்டும். அதாவது ஆனி, ஆடி இரண்டு மாதமும் கனத்த குலையோடு வாழை காற்றில் நின்றாக வேண்டும். குட்டை ரகம் போடலாமே என்று தோன்றும். ஆனால் உப்பேரிக்கு ஏத்தன்தான் வேண்டும்.

இலஞ்சியில் பக்கத்து வயல்காரரிடம் கேட்டேன்: "அண்ணாச்சி, காத்தெல்லாம் அடங்கின பெறகு குலை தள்ளுற மாதிரி கன்னு வச்சா என்ன?"

"வைக்கலாமே. மார்கழியில வெட்டலாம். ஓணத்து வெலைய மார்கழியில எவன் தருவான்?"

நூறு வாழையில் இருபது சரிந்தாலும் மிச்சம் எண்பதில் கணக்கு நேராகிவிடும் என்பது அவர் கட்சி. நாற்பது சரிந்தால் என்று நான் இழுத்தேன். அந்தக் கணக்கை அவர் போடவில்லை. முட்டுக் கம்பு விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். இந்த வருஷம் அதுவும் ஏறிவிட்டதாம்.