பாராட்டவும் தெரிய வேண்டும்

"உங்கள் பையன் எத்தனை மார்க்கு?" பரீட்சை முடிவு வந்துவிட்டால் திருப்பூரில் தெருவுக்குத் தெரு இதே பேச்சுத்தான். இருக்காதா, பின்னே! பிளஸ் டூ தேர்ச்சியில் 2019-லும் 2020-லும் மாநிலத்திலேயே முதல் இடம் எங்கள் மாவட்டத்துக்குத்தான். 2024-ல் மறுபடியும் 97.45 சதவிகிதத்துடன் முதல் இடம். பனியனுக்குப் பேர்போன ஊர் படிப்பிலும் பேர் வாங்கினால் பெருமைதானே!

ஆனால், சகோதரிகளே, அன்று நாம் குழந்தையிடம் என்ன சொல்கிறோம்? மார்க்கு வந்தால், "என் கண்ணுக்குப் பிறவியிலேயே மூளை!" குறைந்தால், "பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்!" மாநிலத்தில் முதலாவது யார், இரண்டாவது யார் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. நம் வீட்டுக் கூடத்தில்தான் அது இன்னும் நின்றபாடில்லை.

திட்டினால் குழந்தை வாடும், அது தெரிந்ததே. புகழ்ந்தாலும் கெடுமா என்று கேட்பீர்கள். கெடுவதுண்டு. கிளாடியா முல்லர், கரோல் டிவெக் என்ற இரு மனவியல் அறிஞர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் செய்து பார்த்த சோதனைகளை 1998-ல் வெளியிட்டார்கள். குழந்தைகள் சில புதிர்களைப் போட்டு முடித்ததும், சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள். வேறு சிலரிடம் "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்றார்கள். ஒரு வார்த்தைதான் வித்தியாசம்! புத்திசாலிப் பட்டம் பெற்றவர்கள் சுலபமாக ஜெயிக்கக்கூடியதையே நாடினார்கள். கடினமான புதிர் வந்ததும் சீக்கிரம் சோர்ந்தார்கள். மார்க்கை மற்றக் குழந்தைகளுக்கு எழுதிக் காட்டச் சொன்னபோது, கூட்டி எழுதியவர்களும் அவர்களில்தான் அதிகம். கிடைத்த பட்டம் பறிபோய்விடுமே என்ற பயம்!

இதைக் கற்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. எங்கள் ஊர்ப் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையைப் பாருங்கள். கழுத்து, தோள், கை என்று ஒவ்வொரு பீஸையும் திருப்பிப் பார்க்கிறார்கள். தையல் விட்டிருந்தால் சரியாக அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர். அதைத் துணியில்தான் ஒட்டுகிறார்கள். தைத்தவர் நெற்றியில் அல்ல! அதேபோல, துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாக நேற்று வந்தவரை இன்றே கழுத்துப் பட்டி தைக்கச் சொல்வதில்லை. முதலில் வேஸ்ட் துணியில் நேர்த் தையல். அது கைக்கு வந்தபின் அடுத்தது.

எங்கள் தெருவில் ஒரு தாயார் இருக்கிறாள். செக்கிங் வேலைதான். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு மேல்தான் வீடு. மகனுடன் பேச அவளுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். அதில் "எத்தனை மார்க்கு?" என்று அவள் கேட்டு நான் கேட்டதில்லை. "நேத்து வராத கணக்கு இன்னிக்கு எப்படிங்க கண்ணு வந்தது?" என்பாள். பையன் முகமெல்லாம் மலர விளக்குவான். "அப்படியானால் அடுத்ததையும் ஒரு கை பாருங்க சாமி!" என்பாள். ஒரு நாள் அவன் நூற்றுக்கு முப்பது வாங்கி வந்தான். பேப்பரை ஒளிக்கவில்லை, வாசலிலேயே காத்திருந்து நீட்டினான். "எந்த இடத்தில் தையல் விட்டது, பார்க்கலாம்" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள் அவள்.

ஒளிக்காமல் நீட்டினானே, அதுதான் பெரிது! முப்பதை மறைக்கப் பழகிய பிள்ளை நாளைக்கு எதையெதை மறைக்குமோ, யார் கண்டார்கள்? முயற்சியின் பெருமையைச் சொல்ல வள்ளுவர் 'ஆள்வினை உடைமை' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். நாம் தினம் ஒரு வாக்கியமாவது வைக்கலாகாதா?

இன்று உங்கள் குழந்தை நோட்டைக் கொண்டுவரும்போது "சமர்த்து!" என்று தலையைத் தடவி அனுப்பிவிடாதீர்கள். ஒரு பக்கமாவது உட்கார்ந்து பாருங்கள். எது நன்றாக வந்திருக்கிறதோ, அந்த வரியைத் தொட்டுச் சொல்லுங்கள். அதைவிட ஒரு படி கடினமானதைக் கையில் கொடுங்கள். செலவு ஒன்றுமில்லை, கொஞ்சம் நேரம்தான்.