ஏழு நாள் நிழல்

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலின் புற்றுமண்ணைச் சர்வரோக நிவாரணியாக நெற்றியில் அணிந்து, ஒரு சிட்டிகை நாவிலும் இட்டுக்கொண்டு வெளிவருகிற பக்தர்களுடனே தேரடிக்கு வந்து நின்ற நான், அன்று தேடிப் புறப்பட்டது வேறோர் ஔஷதத்தை. சங்கன், பதுமன் என்ற நாகராஜர்களின் தலபுராணத்தைக் கேட்டு வளர்கிற இவ்வட்டாரத்து ஜனங்கள், பாம்பு அண்டாதென்ற நம்பிக்கையில் வீட்டோரம் நட்டு வைக்கும் சிறியாநங்கைதான் அது. நிலவேம்பு என்றும் பெயர். 2012இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்குக் காய்ச்சல் பரவி, அரசாங்கமே நிலவேம்புக் குடிநீரை வழங்கிய நாள் முதல், இதன் கசப்பை அறியாத நாக்கு இப்பக்கத்தில் அரிது.

ஊருக்கு வெளியே, கரிசல் காட்டை ஒட்டிய ஓலைக் கொட்டகையொன்றில், பூவெடுக்கும் பருவத்தில் அறுத்த செடிகளைப் பாயில் பரப்பி, வேளைக்கொரு முறை புரட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார் ஒரு மூதாட்டி. வெயிலில் காயப்போட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்று நான் கேட்டதற்கு, "வெயில்ல போட்டா எல வெளுத்துப்போவும் தம்பி; வெளுத்தது வைத்தியத்துக்கு ஆவாது. ஏழு நாள் நெழல்ல கெடக்கணும்" என்றார். பிறகு ஒரு தழையைக் காதருகே கொண்டுபோய் நொறுக்கி, அந்த ஒலியைக் கொண்டே பக்குவத்தைத் தீர்மானித்தார். பூசண வாடை வீசிய ஒரு கட்டை, எடைக்குக் கூலி பெறுகிறவராயிருந்தும், சிறிதும் தயங்காமல் குப்பையில் தள்ளினார். பரிசோதனை கண்ணாடிக் குழாயில்தான் தொடங்குகிறது என்ற என் அபிப்பிராயம் அங்கேயே கலைந்துபோயிற்று.

அங்கிருந்து போன சருகு, திருநெல்வேலியில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் இடிபட்டு, வஸ்திரகாயம் செய்யப்பட்டு, ஆல்கஹாலில் ஊறி, வடிந்து, கரும்பச்சைக் குழம்பாக நின்றதை மறுவாரம் கண்டேன். அதன் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பாற்றலை அளக்கும் முறையில் நிறமே சாட்சி. டிபிபிஎச் என்ற கருஊதாச் சேர்மம் துணையற்ற ஓர் எலெக்ட்ரானைத் தாங்கி நிற்கிறது; சாற்றிலுள்ள பொருள்கள் அதற்கு வேண்டியதை ஈந்துவிட்டால், ஊதா வெளிறி மஞ்சளாகிறது. 1958இல் பிளாய்ஸ் என்பவர் வெளியிட்ட இம்முறைப்படி, இருட்டில் அரை மணி நேரம் வைத்த கரைசல், 517 நானோமீட்டர் அலைநீள ஒளியை எவ்வளவு விழுங்குகிறதென்று அளந்து, வைட்டமின் சி-யோடு ஒப்பிடுகிறார்கள். அதைச் செய்த இளம்பெண் ஒவ்வொரு செறிவையும் மும்முறை அளந்தாள். மூன்றில் ஒன்று வெகுவாக விலகியபோது, மூன்றையும் கொட்டிவிட்டு, முகம் சுளிக்காமல் மறுபடி தொடங்கினாள்.

வைரஸ் சோதனை இதனினும் கடினம். தக்க பாதுகாப்பு அமைந்த கூடங்களிலேயே நடப்பது. சாறு உயிரணுக்களையே கொல்லாத அளவு எதுவென்று முதலில் நிர்ணயித்தாக வேண்டும். இல்லையேல் மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்திய கதையாகும். டில்லியிலுள்ள சர்வதேச மரபணுப் பொறியியல், உயிர்த்தொழில்நுட்ப மையத்தாரும் சித்த ஆராய்ச்சியாளரும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், நிலவேம்புக் குடிநீரின் சாறு டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களை உயிரணு வளர்ப்புத் தட்டில் கட்டுப்படுத்தியது. தட்டில் வென்றது தேகத்திலும் வெல்லுமா என்பது மனிதரிடம் நடத்தும் சோதனைகளாலேயே முடிவாக வேண்டும். அதற்குள் அந்தத் தட்டின் வெற்றியைக் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் தாயிடம் கொண்டுபோய் விற்பதை நான் பாவமென்றே கருதுகிறேன்.

விடைபெறுமுன், மாதிரிப் புட்டியின் சீட்டைப் பார்த்தேன். தாவரவியற் பெயரும் தேதியும் மட்டுமே இருந்தன. மூதாட்டி சொன்னதை நான் கூற, அப்பெண் உடனே பேனாவை எடுத்து, "சங்கரன்கோவில், நிழல், ஏழு நாள்" என்று சேர்த்து எழுதிவிட்டு, "அவங்க பேரு என்ன சார்?" என்று நிமிர்ந்தாள். நான் கேட்டுக்கொண்டு வந்திருக்கவில்லை.